ஒன்பதாம் மைல் கல்லுக்குக் கீழே

பிராட்டன் முகட்டுத் தபால் நிலையத்தில் காலையில் இரண்டு பேர் சந்தித்தால் சௌக்கியம் விசாரிப்பதில்லை. "மேலேயா, கீழேயா?" என்றுதான் கேட்பார்கள். விடியும்போது உன் வீடு மூடுபனிக்கு மேலே வெயிலில் இருந்ததா, உள்ளே முழுகிக் கிடந்ததா என்று அர்த்தம். மேலே இருந்தவர் சற்று நிமிர்ந்து பதில் சொல்வார். கீழே இருந்தவர் தோளைக் குலுக்குவார். ஆர்டித் பெல்லாண்டா தன் அறுபத்தொரு வயதில் பெரும்பாலான காலைகளைத் தோளைக் குலுக்கியே கழித்திருந்தாள்.

முகட்டுச் சாலை கடலோரத்தில் தொடங்கி, பன்னிரண்டு மைல் வளைந்து வளைந்து மேலேறுகிறது. ஆர்டித்தின் கேட் எட்டேகால் மைலில் இருந்தது. அவளுடைய கொள்ளுத்தாத்தா சுவிட்சர்லாந்திலிருந்து வந்து பசு வைத்திருந்தார். அப்பா ஆடு வைத்திருந்தார். மலைச்சிங்கமும் காட்டுநாயும் ஆட்டைத் தின்று தீர்த்த பிறகு, மேலே இருந்தவர்கள் எல்லோரும் பினோ நுவா என்ற ஒயின் திராட்சை நட்டார்கள். அவளும் நட்டாள்.

நட்டதில் ஒரு பிசகு நடந்தது. எந்த ஆட்டுக்காரக் குடும்பமும் செய்யக்கூடிய பிசகுதான். புல் எங்கே இடுப்பளவு வளருமோ அங்கேதான் நல்ல மண் என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவள், ஓடையோரக் கறுப்பு மண்ணில் கொடியை வைத்தாள். நான்கு வருடம் இலை வந்தது. கைவிரித்த அளவு இலை. பழம் வரவில்லை. முகட்டில் பாதித் தோட்டங்களைப் பராமரித்து, சொந்தமாகவும் கொஞ்சம் கொடி வைத்திருந்த எவுசேபியோ ட்ஸின்ட்ஸுன் வந்து பார்த்தார். தெற்கே, எல்லைக்கு அப்பால் மிச்சோவாகானிலிருந்து இருபது வயதில் வந்தவர். பேச்சு குறைவு, கடப்பாரை அதிகம்.

"இது கொடி இல்ல, சாலட்," என்றார். "கொழுத்த மண்ணு இலையத்தான் தரும். உங்க ஆடு எங்க நிக்கவே நிக்காது? அதைக் காட்டுங்க."

சரிவின் மேற்கு விளிம்பைக் காட்டினாள். புல் ஒட்டாத வெளிறிய மணல். ஆளுயரக் குழி தோண்டினார்கள். ஐந்தடி ஆழத்தில் சிப்பி ஓடு வந்தது. எப்போதோ கடலின் தரையாக இருந்த இடம். மேலே ஹோலிஸ் வார்னிக்கின் தோட்டத்தில் அப்படியில்லை. அங்கே செம்மண், உடைந்த பாறை, கடப்பாரை இறங்கினால் பொறி பறக்கும். "ரெண்டும் பட்டினி மண்ணுதான்," என்றார் எவுசேபியோ. "பட்டினி போடற விதம் வேற." கொடிகளைப் பிடுங்கி மணலில் நான்கு ஏக்கர் நட்டாள். அவை பிழைத்தன. ஆண்டுக்கு முந்நூறு பெட்டி ஒயின் வந்தது.

அந்த ஒயினைக் கொண்டு யாரும் வாழ முடியாது. ஆர்டித் பள்ளிப் பேருந்து ஓட்டினாள், முப்பத்தாறு வருடம். எங்கோ ஓர் ஊரில் ஒரு பேருந்து மூடுபனியில் பள்ளத்தில் இறங்கியதிலிருந்து, பள்ளி அலுவலகம் ஒரு பயணத்தாள் கொடுத்திருந்தது. எங்கே முன்விளக்கைப் போட்டாய், எங்கே அணைத்தாய் என்று அதில் எழுத வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் "வழி முழுக்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆர்டித் பனி விலகும் இடத்து மைல் கல்லைப் பார்த்து எழுதினாள். ஒன்பது. எட்டே முக்கால். ஒன்பதேகால். கோடை விடுமுறைப் பத்து வாரமும் அதே சாலையில் தபால் வண்டி ஓட்டியபோது எழுதச் சொல்ல யாரும் இல்லை. பழக்கதோஷத்தில் அப்போதும் எழுதினாள். தாள்கள் ஆட்டு மருந்துப் பெட்டிகளில், கொட்டகையில் கிடந்தன.

முகட்டில் ஒயின் செய்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஒவ்வொருவரும் சின்னத் தோட்டம். பாட்டிலில் அவர்கள் போட அனுமதி இருந்த வட்டாரப் பெயரோ மிகப் பெரியது. அறுபது மைல் உள்ளே, தக்காளி வெடித்துப் பழுக்கும் சமவெளிக்கும் அதே பெயர்தான். முகட்டுக்கென்று தனிப்பெயர் வேண்டும் என்று எழுவரும் மனுப் போட முடிவு செய்தார்கள். அரசாங்கம் எல்லைக்கோடு கேட்டது. கோட்டுக்கு ஆதாரமும் கேட்டது. எல்லை பனியின் உச்சிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆதாரம்தான் இல்லை. முகட்டில் இருந்த ஒரே வானிலைக் கருவியை ஹோலிஸின் கிடா இரண்டு தடவை முட்டிச் சாய்த்திருந்தது.

மனுவை எழுதும் வேலை எழுவரில் இளையவளான மெரின் கோல்பியிடம் இருந்தது. முப்பத்துநான்கு வயது. முதல் வகுப்பு முதல் ஆர்டித்தின் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவள். வளைவுகளில் வாந்தி எடுப்பாள் என்பதால் முன்சீட்டு. பயணத்தாள் நினைவுக்கு வந்தது அவளுக்குத்தான்.

"மிஸ், அந்தத் தாளெல்லாம் இருக்கா?"

"எலி விட்டு வச்சது இருக்கு. எடுத்துட்டுப் போ."

மூன்று வாரம் கழித்து மெரின் ஆர்டித்தின் சமையலறைக்கு வந்தாள். கையில் ஒரு வரைபடம். அதை மேசையில் விரிக்காமல் சுருட்டியே வைத்திருந்தாள். காபி ஆறியது.

"என்னடி, வாந்தி வர்ற மூஞ்சியோட உக்காந்திருக்க?"

"எட்டாயிரத்துச் சொச்சம் நாள், மிஸ். பனியோட உச்சி சராசரியா ஒன்பதாம் மைல் கல்லு. கொஞ்சம்கூட ஆடல. இதைவிட நல்ல ஆதாரம் இந்தக் கரையில யாருகிட்டயும் கிடையாது."

"நல்லதுதானே?"

மெரின் வரைபடத்தை விரித்தாள். ஒன்பதாம் மைல் உயரத்தில் சிவப்புக் கோடு மலையைச் சுற்றிப் போனது. ஆறு தோட்டங்கள் கோட்டுக்கு மேலே இருந்தன. எட்டேகாலில் இருந்த ஒன்று கீழே.

ஆர்டித் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த கடிதத்தை எடுத்து மெரினிடம் கொடுத்தாள். அவளுடைய முந்நூறு பெட்டியில் இருநூறை எடுக்கும் நகரத்துக் கடைக்காரர் எழுதியது. புதிய பெயர் வந்த பிறகு அந்தப் பெயருள்ள பாட்டில்களை மட்டுமே வாங்குவோம், உங்களுடையதும் அதில் இருக்கும் என்று நம்புகிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

"கோட்டை உங்க பக்கம் கொஞ்சம் இறக்கிடலாம், மிஸ். ஓடை வரைக்கும். ஹோலிஸும் சரின்னுட்டார்."

"கொஞ்சம்னா?"

"முக்கால் மைல்."

"பலூன் மாதிரி தொங்கும்."

"தொங்கட்டுமே."

ஆர்டித் ஆறிய காபியைக் கொட்டிக் கோப்பைகளைக் கழுவி வைத்தாள். அன்று கந்தகத் தூள் அடிக்க வேண்டியிருந்தது. பனிக்குள் இருக்கும் கொடியில் பூஞ்சை பத்து நாளைக்கொரு தரம் வரும். மேலே இருப்பவர்கள் மாதம் ஒரு தடவை அடித்தால் போதும். அவள் நாள் முழுக்க அடித்தாள். பெயர் கிடைத்தால் கடை நிலைக்கும், கடை நிலைத்தால் கொடி நிலைக்கும். அவ்வளவுதான் கணக்கு. சாலையைப் போட்ட நான்கு குடும்பங்களில் பெல்லாண்டாவும் ஒன்று என்பதும் மனதில் இருந்தது. முகட்டின் பெயருக்கு வெளியே முகட்டுக்காரி எப்படி நிற்பது என்று ஒரு வரிசையின் நடுவில் நின்று யோசித்தாள். அடுத்த வரிசைக்குப் போனாள்.

விஷயத்தைத் தீர்க்க ஹோலிஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். எல்லாவற்றையும் பந்தயமாக்கிவிடுவது அவன் சுபாவம். ஞாயிறு மதியம் தீயணைப்புக் கொட்டகையில் எழுவரும் கூடினார்கள். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மேசை போட்டார்கள். சுட்ட ஆட்டுக்கறி இருந்தது. எவுசேபியோவின் மனைவி சோள மட்டையில் சுற்றி அவித்த மாவு அனுப்பியிருந்தார். ஏழு பாட்டில்களுக்கும் கம்பளிக் காலுறை மாட்டி, எண் குத்தியிருந்தது.

"காலுறை யாருது?" என்றாள் ஆர்டித்.

"என்னுது. துவைச்சதுதான்."

"எந்த வருஷம்?"

"வாயை மூடிட்டு மூக்கை வேலை பாக்க விடு," என்றான் ஹோலிஸ். "கேட்டுக்கோங்க. ஏழுல எது வேற மண்ணோ அந்த நம்பரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க. நாலு பேர் ஆர்டித்தோடதைக் கண்டுபிடிச்சா கோடு ஒன்பதுல நிக்கும். கண்டுபிடிக்க முடியலன்னா அவ ஒயினும் முகட்டு ஒயின்தான், கோடு வளையும். நியாயமா?"

நியாயம்தான் என்றார்கள்.

ஆர்டித் முதல் கிண்ணத்திலிருந்து வரிசையாகப் போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. காய்ந்த செர்ரி, வெயில் பட்ட தூசி, தொண்டையில் ஓர் இளஞ்சூடு. மேலே இரவுகூட அவ்வளவு குளிராது. பனி கீழேயே கிடக்கும். அதெல்லாம் கிண்ணத்தில் இருந்தது. நான்காவதை மூக்கருகே கொண்டு போனபோதே தெரிந்துவிட்டது. ஆரஞ்சுத் தோல், நனைந்த கல். குடித்த பிறகு உதட்டை நக்கினால் உப்பு.

இத்தனை வருடமும் தன் ஒயினைத் தனியாகத்தான் ருசித்திருந்தாள், அதில் என்ன குறைகிறது என்று கண்டுபிடிப்பதற்காக. மேலேயுள்ளதைப் போல் கனம் வர வேண்டும் என்று அக்டோபர் நடுவரை பழத்தைக் கொடியிலேயே விட்டு வைப்பாள். மூன்றில் ஒரு பங்கு மழையிலும் பூஞ்சையிலும் போகும். இப்போது ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தபோது, நான்காவதில் எதுவும் குறைவாக இருந்ததாகத் தெரியவில்லை. கெடுதலாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கடைசியில் நாக்கில் நின்ற ஒரு சோர்வு. அது காத்திருந்ததால் வந்தது. மண் கொடுத்ததல்ல.

சீட்டில் நான்கு என்று எழுதி மடித்துப் போட்டாள்.

மெரின் சீட்டுகளைப் பிரித்துப் படித்தாள். "ரெண்டு. ஆறு. ரெண்டு. ஏழு. ஒண்ணு. ஆறு." கடைசிச் சீட்டைப் பிரித்தாள். "நாலு."

"ஒருத்தர்தான் நாலு," என்றான் ஹோலிஸ் வேகமாக. "முடிஞ்சுது. கோடு வளையுது. கறி ஆறுது, சாப்பிடுங்க."

காலுறைகளைக் கழற்றினார்கள். யாரும் ஆர்டித்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மேசையிலிருந்த சீட்டுகளை இழுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஏழு என்று எழுதிய சீட்டில் எண்ணின் நடுவே குறுக்குக் கோடு இருந்தது. அந்தக் கொட்டகையில் அப்படி எழுதுகிறவர் ஒருவர்தான். ஏழாவது பாட்டில் எவுசேபியோவுடையது.

"எவுசேபியோ, உங்க ஒயினையே வேற மண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

எவுசேபியோ தொப்பியைச் சரி செய்துகொண்டார். "இன்னிக்கு ஜலதோஷம்."

"ஹோலிஸ், போன வசந்தத்துல என் பீப்பாய் மூடியத் திறக்கவேயில்ல, நீ வாசல்ல நின்னுக்கிட்டு 'மீன் மார்க்கெட் வந்தாச்சு'ன்ன. இன்னிக்கு மூக்கை வீட்ல வச்சுட்டு வந்தியா?"

"வயசாச்சுல்ல."

"மெரின், நீ?"

மெரின் ரொட்டியைப் பிய்த்தாள்.

"ஆறு பேரு. ஒருத்தருக்குக்கூட தெரியல. குருட்டாம்போக்குல எழுதினாகூட ஒரு ஆளாவது நாலுன்னு எழுதியிருப்பான்." ஆர்டித்தின் குரல் உயரவில்லை. "என்ன, பரிதாபமா?"

"பரிதாபம் என்ன வேண்டிக் கிடக்கு," என்றான் ஹோலிஸ். "இங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேரை நீ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிருக்க. என் ரெண்டு பசங்களும் அதுல அடக்கம். ஒருத்தனுக்கும் ஒரு கீறல்கூட விழல. அதுக்கு ஒரு முக்கால் மைல் கோடு தரக் கூடாதா?"

அவள் கிண்ணத்தைச் சுழற்றிக் கீழே வைத்தாள்.

"அரசாங்கத்துக்கு நீங்க அனுப்பப்போறது என் தாள்," என்றாள். "எட்டாயிரம் நாள்ல ஒரு நாள்கூட நான் சும்மா எழுதினது இல்ல. அதை ஆதாரம்னு வச்சுட்டு, அதை எழுதினவ வீட்டுக்கிட்ட மட்டும் கோட்டைத் தொங்க விட்டீங்கன்னா, படிக்கிறவன் முதல்ல அங்கதான் விரலை வைப்பான். அப்புறம் உங்க ஆறு பேருக்கும் கிடைக்காது. மெரின், ஒன்பதுலயே போடு."

"கடை, மிஸ்?"

"கடை வேற. பனி வேற."

பிறகு எவுசேபியோ நான்காவது பாட்டிலை எடுத்துத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார். "ஜலதோஷம் போயிடுச்சு," என்றார். "பழத்தை மூணு வாரம் லேட்டா பறிக்கிறீங்க. பத்து வருஷமா சொல்லணும்னு நினைச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

மனு கோட்டை ஒன்பதில் வைத்தே போனது. பதினான்கு மாதத்தில் அனுமதி வந்தது. கடைக்காரர் சொன்னபடியே, மரியாதையாக, ஆர்டித்தின் இருநூறு பெட்டியை நிறுத்தினார். துறைமுக ஊரில் சிப்பி விற்கும் ஓர் உணவகம் நாற்பது பெட்டி எடுத்தது. மீதி கொட்டகையில் இருந்தது. இரண்டு ஏக்கர் கொடியைப் பிடுங்கி, மேய்ச்சலுக்கு விட்டாள். வாடகை ஆடுகள் அங்கே நிற்க மறுத்தன, பழைய மணல்தானே. பேருந்து வேலையை இன்னும் மூன்று வருடம் தொடர்வதாக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாள்.

மிச்சமிருந்த இரண்டு ஏக்கரை அந்த வருடம் செப்டம்பர் இருபத்தைந்தில் பறித்தாள். மேலே அறுவடை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எப்போதும்போல் அறுவரும் உதவிக்கு வந்தார்கள். காலை ஏழரைக்கு அவள் கேட்டருகே நின்று மேலே பார்த்தாள். பனியில் வண்டிகள் தெரியவில்லை. முன்விளக்குகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் இறங்கின.

ஹோலிஸ் வண்டியை நிறுத்தி இறங்கினான். மீசையில் அதற்குள் துளி கோத்திருந்தது.

"இதுக்குள்ள மனுஷி எப்படி இருக்கா?"

"விளக்கை எங்க போட்ட?"

"ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஏன்?"

அவள் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டாள். ஹோலிஸ் ஒரு குலையிலிருந்து பழத்தைக் கிள்ளி வாயில் போட்டான். முகத்தைச் சுளித்தான். இன்னொன்று கிள்ளினான்.

"கூடை அந்தப் பக்கம் இருக்கு," என்றாள் ஆர்டித். "தின்னு தீர்த்துடாத."