பிடிக்கவில்லை என்று நான் சொன்னது

என்னைப் பெண் பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வரமாட்டார்களாம், சென்னையில் ஒரு மாலுக்கு நாங்கள்தான் போக வேண்டுமாம் என்று அத்தை போனில் சொன்னபோது, நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னாது, நாம போயி பொண்ண காட்டிட்டு வரணுமா?"

அத்தை நைனாவின் தங்கை. திருவொற்றியூரில் இருக்கிறாள். வரனைக் கொண்டுவந்தவளும் அவள்தான். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் வேலை. அவருடைய அம்மாவுக்குத்தான் அந்தக் கொள்கை. வீட்டுக்கு வந்து பஜ்ஜியும் காபியும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொன்னால் பெண்ணுக்கு ஊரில் சங்கடம். பொது இடத்தில் பார்த்துக்கொண்டால் அமைந்தால் அமையட்டும், அமையாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அந்தம்மா நல்ல மனசுலதான் சொல்லுது அண்ணே" என்றாள் அத்தை.

அம்மாவுக்கு இந்தக் கொள்கை உடனே பிடித்துப்போனது. எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் புதுச் செருப்பு கிடந்தால்கூட மறுநாள் மீன் ஏலம் விடுகிற இடத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். "கம்னு கெளம்பு" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, இஸ்திரி போடுவதற்கு அவருடைய வேட்டியைத் தேடப் போனாள்.

அத்தைக்கு அன்று முழங்கால் வீங்கிவிட்டதால் அவள் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் பொன்னேரி வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ரயிலிலும் போனோம். பொன்னேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். தினமும் இறங்குகிற ஊரைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை பட்டுப் புடவையோடு போவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அடுத்த ஸ்டேஷனான அனுப்பம்பட்டு வருவதற்குள் அம்மா என் தலைப் பூவை இடம் மாற்றி இடம் மாற்றி, பாதிப் பூ உதிர்ந்துவிட்டது.

மாலின் மேல் மாடி முழுவதும் சாப்பாட்டுக் கடைகள். நடுவில் மேஜைகள். காதை அடைக்கிற பாட்டு. அவர்கள் முன்பே வந்து, ஒரு பர்கர் கடைக்கு எதிரே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மாம்பழ நிறப் பட்டில் இருந்தார். மாப்பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டார். ஒல்லியாக இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மேஜையைச் சுற்றி இருந்தவை எல்லாம் உயரமான ஸ்டூல்கள். நைனா நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி படகுக்குத் தாவி ஏறுகிறவர்தான். ஆனால் வேட்டி கட்டிக்கொண்டு, சம்பந்தியாகப் போகிறவர்கள் முன்னால், சுழல்கிற ஸ்டூலில் ஏறுவது வேறு வித்தை. அவர் ஏறி உட்கார்ந்தபோது ஸ்டூல் அரைச் சுற்று சுற்றி, அவரைப் பக்கத்து மேஜைக்காரர்களைப் பார்க்க வைத்துவிட்டது. அவர்களுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"இங்க பர்கர்தான் நல்லாருக்குமாம். இவன் ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்களாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவரே எல்லோருக்கும் ஒரே மாதிரி சிக்கன் பர்கர் சொன்னார். நைனா மட்டும் படத்தைப் பார்த்து இறால் பர்கர் வேண்டும் என்றார்.

"வூட்ல இல்லாத இறாலா?" என்று அம்மா அவர் காதில் சொன்னாள்.

"வூட்ல பன்னுக்குள்ள வச்சி குடுக்கிறியா நீ?"

கடைக்காரப் பெண் எங்களிடம் கறுப்பாகச் சோப்புக்கட்டி அளவில் ஒன்றைக் கொடுத்தாள். பர்கர் தயாரானதும் அது கூப்பிடுமாம். அதை மேஜை நடுவில் வைத்தோம். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. தம்பிக்கு குடி, கிடி எதாவது பழக்கம் உண்டா?"

அந்தக் கணத்தில் அந்தக் கறுப்புக் கட்டி சிவப்பு விளக்கு எரிய, 'டர்ர்' என்று அதிர்ந்துகொண்டு மேஜையில் ஓட ஆரம்பித்தது. நைனா கையைத் தூக்கிக்கொண்டார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை அதை எட்டிப் பிடித்து, "இல்லீங்க, சத்தியமா இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே கடைக்கு ஓடினார்.

பர்கர்கள் மரப்பலகையில் வந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் மூங்கில் குச்சி குத்தியிருந்தது. அதை எடுத்தால் சரிந்துவிடும், எடுக்காவிட்டால் கடிக்க முடியாது. கூடவே ஆளுக்கு ஒரு ஜோடி கறுப்புக் கையுறை. நான் பழக்கதோஷத்தில் இரண்டு கையிலும் சட்டென்று மாட்டி, விரல்களை இழுத்துவிட்டுச் சரிசெய்துகொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா தன் கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஊசி போடப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

நைனாவின் விரல்கள் அந்தக் கையுறைக்குள் போகவில்லை. கட்டை விரல் வரை இழுத்துப் பார்த்தார், கிழிந்துவிட்டது. இன்னொன்றும் கிழிந்தது. எல்லோரும் கறுப்புக் கையோடு உட்கார்ந்திருக்க அவர் மட்டும் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தன் கையுறையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்கையால் பர்கரை எடுத்தார். நைனாவும் எடுத்தார். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பர்கர் எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் கடிக்க வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைத் திறந்த பிறகுதான் உணர்ந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் என் கடைவாய்ப் பல் வரை பார்த்துவிட்டார்கள். உள்ளே இனிப்பாக ஒரு ஜாம், அதன் மேல் ஏதோ புளித்த பாலாடை மாதிரி. அம்மா குச்சியை உருவிவிட்டு மேல் பன்னைத் தனியாகவும் கறியைத் தனியாகவும் இட்லி போலப் பிட்டுத் தின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தானும் அப்படியே செய்தார். அதிலிருந்து இருவரும் அக்கா, தங்கச்சி ஆகிவிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்துப் பெரியவர்கள் கை கழுவப் போனார்கள். எங்களைத் தனியாக விடுவதற்குத்தான் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் பர்கரில் பாதி அப்படியே இருந்தது. மாப்பிள்ளை மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்களுக்குப் பிடிக்கலன்னா வெளிப்படையா சொல்லிடுங்க. கட்டாயமில்ல. நான் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்."

வாங்கிக் கொடுத்தவர் அவருடைய அம்மா. மிச்சம் வைத்தால் தப்பாக நினைப்பாரோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். இவர் தானாகவே கேட்டதும் நிம்மதியாகிவிட்டது.

"உண்மைய சொல்லணும்னா, பிடிக்கல" என்றேன். "பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்கு ஒத்துவராதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சி."

"பார்த்ததுமேவா?"

"ஆமா. உங்கம்மா மனசு கஷ்டப்படுமேன்னுதான் பேசாம இருந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "சரி, பரவால்ல. வேற பார்க்கலாம்."

"ஐயோ, வேற எல்லாம் வேணாங்க. இதுவே போதும்னு ஆயிடிச்சி."

பெரியவர்கள் வந்துவிட்டார்கள். அவர் எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல் கும்பிட்டார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். ரயிலில் திரும்பும்போது நைனா நல்ல உற்சாகத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் மீஞ்சூர் வருவதற்குள் சண்டையே வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அத்தை கூப்பிட்டாள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னா அண்ணி, ஒம் பொண்ணு இப்டி பண்ணிட்டா? அந்தப் பையன் மூஞ்சிக்கு நேரா, பார்த்ததுமே புடிக்கலன்னு சொன்னாளாமே. அவன் ராத்திரி சோறு துன்னலையாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நைனாவும் பார்த்தார். நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு வார்த்தையாக நினைவு வந்தது. நடந்ததை அப்படியே சொன்னேன்.

நைனா கேட்டார்: "நீ அந்த பன்ன சொன்ன?"

"ஆமா நைனா."

"அவன் அவனையே சொன்னான்?"

தலையாட்டினேன். அவர் சுவரில் சாய்ந்து, சத்தமே வராமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவுக்கு மட்டும் கோபம் போகவில்லை. "படிச்ச பேஜாரு ரெண்டு" என்றாள். "நாங்க இருக்கும்போதே பேசியிருந்தா இந்த வம்பே இல்ல."

அத்தையிடம் நம்பர் வாங்கிக்கொண்டு, தனியாகப் பேச மணல்மேட்டுக்குப் போனேன். ஆந்திரா பக்கத்து டவர் குறுக்கே புகுந்து தெலுங்கில் வரவேற்பு சொன்ன பிறகுதான் மணி அடித்தது.

"நேத்து நான் சொன்னது உங்கள இல்ல" என்றேன். "அந்த பர்கர."

லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"எல்லாமேவா?" என்றார் கடைசியில். "ஒத்துவராதுன்னது?"

"அதுவும்தான்."

"பார்க்க நல்லாருக்குன்னீங்களே."

"அதுவும் பர்கரத்தான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிப்பது கேட்டது. அப்படியானால் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று அவர் கேட்டார். மீன் காயப்போட்டிருந்த பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஊரே பார்த்தது. அம்மாக்கள் இருவரும் சமையலறையில் நண்டைத் தட்டிக்கொண்டிருக்க, நைனா மாப்பிள்ளையைப் படகில் ஏற்றி, ஊரை ஒட்டியிருக்கிற ஏரியைச் சுற்றிக் காட்டினார். அதோடு விடாமல், ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறார். மாப்பிள்ளையுடையதும் பாட்டன் காலத்தில் கடலுக்குப் போன குடும்பம்தான். ஆனால் மாப்பிள்ளை கரை வந்து இறங்கும்போது முகம் வெளுத்து, சட்டையெல்லாம் நனைந்து, நைனாவின் தோளைப் பிடித்தபடி வந்தார். வழியெல்லாம் வாந்தியாம்.

அம்மா பதறிப்போய் எலுமிச்சம்பழம் தேடினாள். நைனா அவளைத் தனியாக அழைத்து, மிகுந்த திருப்தியோடு சொன்னார்: "நல்ல பையன். உள்ள எதையும் வச்சிக்கமாட்டான்."

ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.