ஜீப்புக்கு அளவெடுத்த ஜெஸ்லின்

சங்கரன்கோவிலில் இராஜபாளையம் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஜெஸ்லின், சுந்தரராஜுக்குக் கடைசி மகள். ஐம்பத்துநாலு வயது. ரவிக்கைக்கு ஒருமுறை அளவு கொடுத்தால் போதும், மறுமுறை கேட்க மாட்டாள். கடையைப் பார்ப்பதோடு, சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவளுடைய அம்மா வழியில் வந்த எலுமிச்சைத் தோட்டத்தைப் பார்ப்பதும் அவள்தான். அண்ணன் விஜயராஜ் தூத்துக்குடியில் சரக்கு ஆபீஸ் வேலையோடு இருந்துவிட்டார்.

அந்தத் தோட்டத்துக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். எருமை படுத்துக் கிடப்பதுபோல் பாறை பாறையாகக் கிடக்கும். டிராக்டர்காரர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற சுந்தரராஜின் பழைய ஜீப் ஒன்றுதான் ஏறும். அவர் அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தது மகளுக்கு. அவர் போன பிறகு ஆர்.சி. புத்தகம் மாறியதோ மகன் பேருக்கு. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, ஜெஸ்லின் உட்பட.

போன கார்த்திகையில் ஓடைக்கு நடுவிலேயே பெட்ரோல் எஞ்சின் வெடித்துவிட்டது. தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிப் பால்காப்பி நிறத்தில் வழிந்தது. அதற்குப் பிறகு பறித்த பழத்தைத் தலைச்சுமையாக எவ்வளவு இறக்க முடியும்? பாதிக்கு மேல் மரத்தடியிலேயே அழுகியது.

விஜயராஜ் போனில் சொன்னார். “ஏட்டி, வண்டிய இரும்புக்குப் போடு. வாசுதேவநல்லூர்ல ஒருத்தர் தோட்டத்தக் கேக்காரு. கொடுத்துட்டு நிம்மதியா இருப்போம்.”

“எனக்கு நிம்மதி அங்கனதான் இருக்கு, அண்ணே. டீசல் எஞ்சின் மாத்திப் போட்டா அது ஏறும்.”

இந்த யோசனையைச் சொன்னவன் மெக்கானிக் இசக்கித்துரை. அந்த ஜீப்பை முப்பது வருஷம் பராமரித்த சங்கரநயினாரின் மகன். அவனுடைய அம்மாவும் ஜெஸ்லினின் மாமியாரும் ஒரே குழாயடியில் சண்டை போட்டுப் பிறகு சம்பந்திகளைவிட நெருக்கமானவர்கள். இராஜபாளையத்தில் வண்டி உடைக்கிற இடத்தில், பின்பக்கம் நசுங்கிய ஒரு பிக்கப்பின் டீசல் எஞ்சினை அவன் பார்த்து வைத்திருந்தான். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் எஞ்சினை மாற்றக்கூடாது. மனுவில் வண்டிக்கு உடையவர் கையெழுத்துப் போட வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை கோயில் முடிச்சி வாரேன்” என்றார் விஜயராஜ். “அது உள்ள உக்காரும்னு என் கண்ணுல காட்டு. காட்டுனா கையெழுத்து. இல்லன்னா வண்டியும் தோட்டமும் போகட்டும், அதுக்குப் பொறவு பேச்சே கூடாது.”

ஜெஸ்லின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு இசக்கித்துரையோடு இராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து நீளம், அகலம், கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் தொங்குகிற ஆழம் எல்லாவற்றையும் அளந்து, ரவிக்கை அளவு எழுதும் நோட்டிலேயே எழுதினாள். கடைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். “என்னம்மா, எஞ்சினுக்குச் சட்டை தைக்கப் போறியளா?”

“ஆமா அண்ணாச்சி. கழுத்து ரவுண்டா, சதுரமான்னு அதுட்ட கேட்டுச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து, சேலைக்கடையில் வாங்கிய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, அதே அளவில் ஓர் அட்டை எஞ்சின் செய்துவிட்டாள். கணவர் பிரின்ஸ் பசை காய விசிறிக்கொண்டே, “இதுக்கு டீசலும் வேண்டாம், காத்தே போதும்” என்றார்.

பழைய எஞ்சினைக் கழற்றிய ஜீப் முற்றத்தில் நின்றது. ஜெஸ்லினுக்கு முழங்கால் வலி, குனிந்து பார்க்க முடியாது. பாவம் அக்கா என்று இசக்கித்துரை வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, முன்பக்கத்தை இடுப்புயரம் தூக்கி, மரக்கட்டை அடுக்கி நிறுத்தினான். அட்டை எஞ்சினை உள்ளே வைத்துக் கட்டினார்கள். அச்சாகப் பொருந்தியது. கியர்பாக்ஸோடு சேர்க்க லேத்தில் ஒரு தகடு கடைய வேண்டும், ரேடியேட்டரை ஓர் அங்குலம் முன்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு ஜெஸ்லின் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மூன்று ரவிக்கை தைத்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விஜயராஜ் வந்தார். நல்ல கனத்த சரீரம். முன்னால் நின்று பார்த்தார், பக்கத்தில் நின்று பார்த்தார். “பரவால்லியே” என்றார். “எறக்குங்க. ஜீப்பு என்ன, பரண்லயா ஓடப் போவுது?”

இசக்கித்துரை கட்டைகளை உருவி ஜாக்கியை இறக்கினான். முன்சக்கரங்கள் தரையில் ஊன்றின. வண்டியின் பாரம் வில்லுப் பட்டைகளில் இறங்க, அதுவரை கீழே தொங்கிக் கிடந்த முன் ஆக்ஸில் மெல்ல எஞ்சினை நெருங்கி மேலே வந்தது. அதில் குடம்போல் புடைத்திருக்கும் பகுதி அட்டை சம்ப்பில் முட்டி, நொறுநொறு என்று நசுக்கிவிட்டது.

இசக்கித்துரை தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அட்டையா இருந்துச்சி, சத்தத்தோட போச்சி” என்றார் விஜயராஜ். “நெசம்னா ஆயில் பூரா ஓடையில. போதும்ட்டி. உள்ள வா, வாசுதேவநல்லூர்காரருட்ட போன் பண்ணிரலாம்.”

ஜெஸ்லின் நகரவில்லை. நசுங்கிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு எஞ்சின்ல இல்ல அண்ணே. நிக்கையில அளவெடுத்துட்டோம், உக்காந்தா பிடிக்கத்தான செய்யும்? எத்தன ரவிக்கை தச்சிருக்கேன், இது புத்தியில ஏறலியே.” பிறகு திரும்பினாள். “ஏ தம்பி, இந்தச் சம்ப்போட குழி முன்னாலதான் இருக்கணுமா? பின்னால இருந்தா ஆக்ஸில் தொடாதுல்லா?”

இசக்கித்துரையின் கை தலையிலிருந்து இறங்கியது. “யக்கா! இதே எஞ்சின் ஒரு வேன்ல வருதுல்லா, அதுல குழி பின்னாலதான். சம்ப்பும், ஆயில் உறிஞ்சுத குழாயும் மாத்துனா போதும். அதே கடையில ஒண்ணு கெடக்கு. நான் அதுமேல உக்காந்துதான் டீ குடிச்சேன்!”

ஜெஸ்லின் கத்திரியால் நசுங்கிய குழியை வெட்டியெடுத்து, புது அட்டையில் இன்னொன்று செய்து பின்பக்கம் ஒட்டினாள். இந்த முறை ஜீப்பைத் தூக்கவில்லை. சாக்கை விரித்து, முழங்கால் வலியோடு மல்லாந்து படுத்து உள்ளே போய், சம்ப்புக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள்.

“நாலு விரல் போவுது!”

“சும்மா நிக்கையில போவும்” என்றார் விஜயராஜ். “பாறையில குதிக்கையில?”

“மச்சான், அதுக்குத்தான ஒங்கள வரச் சொன்னது” என்றார் பிரின்ஸ். “ஏறி பம்பர்ல குதிங்க. இந்த ஊர்ல அம்புட்டு பாரத்துக்கு வேற எங்க போக?”

விஜயராஜ் முறைத்தார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பரில் ஏறினார். ஒரு குதி.

“மூணு விரல்!”

இன்னொரு குதி. வண்டி முனகியது.

“ரெண்டு! இன்னும் தொடல அண்ணே!”

அவர் மூச்சு வாங்க இறங்கி, தங்கை விலகிய இடத்தில் தானே படுத்து, கையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது புதுச் சட்டை முதுகெல்லாம் புழுதி.

“மனுவ எடு” என்றார்.

ஆபீஸ்காரர் அல்லவா, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். பேனாவை மூடிக்கொண்டே, “வாசுதேவநல்லூர்காரருட்ட நானே சொல்லிக்கிடுதேன், வேற எடம் பாத்துக்கிடுங்கன்னு” என்றார்.

ஜெஸ்லின் தாளை வாங்கி மை காய ஊதினாள். இசக்கித்துரை அதற்குள் இராஜபாளையத்துக்குப் போன் போட்டு, “அண்ணாச்சி, அந்த வேன் சம்ப்ப யாருக்கும் கொடுத்துராதீய” என்று கத்திக்கொண்டிருந்தான்.