அம்மா உட்காராத கூடம்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்களிடம் ஆளுக்கு இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டிருந்தேன். எல்லோரும் எங்கள் வீட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். ‘இதமான வீடு’ என்று அம்மாவின் அண்ணனான மாமா எழுதியிருந்தார். ‘வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மனம் வராது’ என்று சித்தி. ‘கதகதப்பு’ என்று சென்னைச் சித்தப்பா. ஆம்பூர் வெயிலில் கதகதப்பைத் தேடி யார் வந்தார்கள் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். எல்லாம் நல்ல சொற்கள்தான்.

நெமிலிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மா, திருமணமாகி ஆம்பூருக்கு வந்தார். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார். அதன்பின் அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். கம்பெனியில் கழித்துப் போட்ட லைனிங் துணியைக் கேட்டு வாங்கி வந்து நாற்காலிகளுக்கு உறை தைத்தார். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டார். வெளியே அனல் அடித்தாலும் எங்கள் கூடம் குளுகுளுவென்று இருக்கும். ஸ்டேஷனுக்கும் பக்கம். அதனால் உறவில் எந்தப் பெண்ணைப் பார்க்க வருவதானாலும் அது எங்கள் வீட்டில்தான் என்றாகிவிட்டது.

அந்த நாட்களில் அம்மா விடியுமுன் எழுந்து வீட்டைத் துடைப்பார். கேசரி கிளறுவார். பஜ்ஜி போட்டு வைப்பார். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் பின்பக்கமாக, அடுத்த வீட்டுப் பர்வீன் அத்தையிடம் போய்விடுவார். கணவனை இழந்தவர் நல்ல காரியத்தில் எதிரே வரக்கூடாதாம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அம்மா புரிந்துகொள்வார்.

என்னைப் பெண் பார்க்க வந்ததும் அதே கூடத்தில்தான். அன்றும் மாமா கடிகாரத்தைப் பார்த்தார், அன்றும் அம்மா போனார். நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

“அம்மா வந்து குந்தட்டும். அப்பறம் வர்றேன்.”

“இன்னாடி பேசற? அவங்க வந்து குந்திக்கினு இருக்காங்க. நல்லது நடக்கணுமா, வாணாமா?” என்றார் மாமா.

நான் பர்வீன் அத்தை வீட்டுக்கு ஓடி, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கூடத்து வாசற்படி வரை வந்தார். அவர் தைத்த உறைகளின் மேல் சாய்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட ‘வாங்க’ என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா என் கையை விலக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. பழி அம்மாவின் தலையில் விழுந்தது. பிறகு நானே ஒருவரைத் தேடிக்கொண்டேன். பதிவு அலுவலகத்தில் அம்மா என் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் சமையலறை வாசலோடு நின்றுகொள்ளும் பழக்கம் மட்டும் கடைசி வரை போகவில்லை.

வேலூரில் சிகிச்சை பலிக்காமல் அம்மாவை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் கிடத்தினோம். மாமா தலைமாட்டில் நின்று அழுதார். அத்தனை உறவினர் முன்னால் அந்தக் கூடத்தில் அம்மா இருந்தது அன்று ஒரு நாள்தான்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணை இருந்த கம்பெனித் தோழிகளுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. உறவினர்கள் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறேன்.

பர்வீன் அத்தையிடமும் இரண்டு வரி கேட்டேன். தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது என்றார். அம்மா பின்பக்கமாக வரும்போதெல்லாம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“இன்னா சொல்லுவேன்? ‘உள்ள வாக்கா, குந்து’ன்னுவேன். வேற இன்னா?”

அதைத்தான் இந்த மலரின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.