அட்டையில் வந்த ஈரான் தோழி

ரப்பர் சொல்யூஷன் வாசனை... தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் அதுதான் மூக்கில் ஏறும். பக்கங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்போது அடையாறில் ஈரானிலிருந்து படிக்க வந்த ஒரு தோழி கிடைத்தாள். அவளுடைய அம்மாவின் அத்தை, அங்கே பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திய முதல் தலைமுறைக்காரர். பெண்கள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று எழுதியதற்காக அவர் அலுவலகத்தின் மேல் கல்லெறிந்தார்களாம். கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது.

"எழுது. என் முகம் மட்டும் வேண்டாம். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன், வெளிநாட்டில் இதையெல்லாம் பேசினேன் என்று தெரிந்தால் வம்பு. ஆனால் அந்த அத்தை பெயரை விட்டுவிடாதே" என்றாள்.

சரி சரி என்று தலையாட்டினேன். அப்படியும் போட்டோக்காரர் அதற்கு முன்பே எடுத்திருந்த அவள் படங்களை மொத்தமாக ஆசிரியர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

ரெண்டு வாரம் கழித்து அட்டையைப் பார்க்கிறேன்... மூலையில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். லே-அவுட் மணி அண்ணனிடம் ஓடினேன்.

"நிறுத்த முடியாதாண்ணே?"

"அட்டை ராப்பர் முந்தாநேத்தே மிஷின்ல ஓடிச்சும்மா. பண்டல் கட்டிக்கினு கீறாங்க. இப்ப வந்து கேட்டா இன்னா பண்றது?"

ஒரு பிரதியோடு பஸ் ஏறினேன். அடையாறில் இறங்கி நேராக அவளிடம் போய் நீட்டினேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கட்டுரைப் பக்கத்தைப் பிரித்து, படிக்கத் தெரியாத தமிழ் வரிகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"அவர் பெயர் எங்கே இருக்கிறது? காட்டு."

பெயர் இல்லை. "இது யார் வாயில நுழையும்? ஒரு பெண்மணின்னு போடும்மா" என்று ஆசிரியர் சொன்னார், நானே பேனாவால் பெயரை அடித்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம்... வாய் திறக்கப் பயம்.

பத்திரிகையை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். ஊருக்குப் போனதும் கடிதம் போடுவதாகச் சொன்னாள். வரவே இல்லை.

இப்போது அந்த நாட்டுப் பெண்கள் தைரியமாக முகம் காட்டும் வீடியோக்கள் போனிலேயே வருகின்றன. ஒவ்வொன்றிலும் அவளைத் தேடுகிறேன்.

அந்த அத்தையின் பெயரை இங்கேயாவது போட்டுவிடலாம் என்று நாலு தடவை டைப் செய்தேன். அன்று எங்கள் பத்திரிகை தாம்பரம் தாண்டவே ஒரு நாள் ஆகும். நெட்டில் போடும் இது ஒரு நிமிடத்தில் அவள் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும். யாராவது அந்தப் பெயரைப் பழைய அட்டையில் இருக்கும் அவள் முகத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டால்?

நாலு தடவையும் அழித்துவிட்டேன். இந்த முறை பெயரை எடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.