லோரென்ஷியன் காரும் அதன் மலையும்

யானைமுகப் பெருமானே, புறப்படும் வழியிலும் திரும்பும் வழியிலும் துணைநிற்பவனே, உன் பாதம் பணிந்து எழுதுகிறேன்.

ஐப்பசி இறுதியில் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு இரவுப் பேருந்தில் சென்றேன். ஏறத்தாழ ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், ஏழு மணி நேரம். அந்நகரின் சென்-மிஷேல் பகுதியில் வாழும் நண்பர் சிவஞானத்துக்குப் பார்வை மங்கி, ஓட்டுநர் உரிமம் போய்விட்டது. அவருடைய பழைய லோரென்ஷியன் காரை வாங்கியவர் மறுநாட்காலை எடுத்துச்செல்ல இருந்தார். அதற்குள் அந்தக் காரிலேயே சென்று, அதற்குப் பெயர் தந்த மலையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அக்கால அமெரிக்கக் கார்களுக்குப் பெயர் தேடியவர்கள் எங்கெங்கோ அலைந்திருக்கிறார்கள். இம்பாலா, ஆபிரிக்க மான். தண்டர்பேர்ட், சிறகடித்து இடிமுழக்குவதாக இம்மண்ணின் முதற்குடிகள் சொல்லும் பறவை. பராகுடா, நம்முடைய சீலா மீன். கனடாவுக்கென்றே வந்த லோரென்ஷியனுக்கோ மொன்றியலுக்கு வடக்கேயுள்ள மலைத்தொடரின் பெயர். ஒரு மணி நேரத் தூரந்தான். ஆனால் இரண்டு வேலையும் கோயிலுமாகச் சிவஞானத்தின் வாழ்நாள் கழிந்துவிட்டது.

அவர் மனைவி பாக்கியம் வண்டியோட்டினார். சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியே புறப்பட்டோம். "சீலா மீன்ர பேர் வச்ச காரை வாங்கியிருந்தா, கோயில் ஐயர் கார்ப் பூசைக்குக் கிட்டவும் வந்திருக்கமாட்டார்" என்றார் பாக்கியம். சிவஞானம் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அவ்வளவுதான்.

பதினைந்தாம் இலக்க நெடுஞ்சாலையில் சென்-ஜெரோம் ஊரைக் கடந்ததும் மூடுபனி இறங்கியது. மலைகளுக்கு நடுவே, நூறு கிலோமீற்றர் அளவில் நிறுத்தியபோது, சாலையோரக் கம்பிவேலிக்கு அப்பால் எதுவுமில்லை. மலை எங்கே என்று சிவஞானம் கேட்டார். மூடுபனி, எங்களுக்கும் தெரியவில்லை என்றேன்.

"அண்ணை, நீங்கள் பொய் சொல்லாத மனுசன். என்ர கண்ணுக்காகப் பனி எண்டு சொல்லவேண்டாம்."

"பிள்ளையாராணை எனக்கும் தெரியேல்லையப்பா" என்றார் பாக்கியம்.

"நீயும் சேர்ந்திட்டியோ?"

அரைமணி நேரம் காத்திருந்தும் பனி விலகவில்லை. பாக்கியம் காரின் முன்னே கற்பூரம் ஏற்றினார். சுடர் தெரிகிறது, கிட்ட இருப்பதெல்லாம் தெரிகிறது, தூரத்தில்தான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சிவஞானம் ஏறி அமர்ந்தார்.

மறுநாட்காலை கார் போயிற்று. நண்பகலில் வானம் துலங்கியது. வாடகைக் காரில் மீண்டும் போகலாமே என்றேன்.

"வேண்டாம் அண்ணை. இண்டைக்கும் தெரியாட்டி, நேற்று வந்தது பனியில்லை எண்டு ஆகிப்போடும்."

அன்பர்களே, இம்மலைக்குப் புரட்டாசியில் செல்லுங்கள். இலைகள் நிறம்மாறி நிற்கும், வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும். வானிலை அறிந்து புறப்படுங்கள். முதியவரை அழைத்துச்செல்வதாயின் அடுத்த ஆண்டுக்கெனத் தள்ளாதீர்கள். உங்கள் இல்லத்தார் யாவரும் கண்ணொளி குன்றாது, காண விரும்பியதைக் கண்டு நிறைவுற ஈசன் அருள்க.