மூத்தவன் பிறந்த வருடத்துக் காசு

மொன்ட்ரியாலின் பழைய துறைமுகத்தில், கைப்பிடியைச் சுற்றினால் காசை நசுக்கி நீட்டிப் படம் பதித்துத் தரும் இயந்திரத்தின் அருகில்தான் அவரைச் சந்தித்தேன். வெயிலிலும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. கனடா நிறுத்திவிட்ட ஒரு சத நாணயங்களைப் பற்பசை தேய்த்துப் பளபளப்பாக்கி, மாத்திரை டப்பா ஒன்றில் வைத்திருந்தார். இப்படி நீட்டிய காசுகளைச் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் அவர் ‘அண்ணை’, பிரெஞ்சுக்காரர்களுக்கும்கூட.

“தம்பி, இதை ஒருக்காச் சுத்தித் தருவியளோ? கீமோ குடுத்தாப் பிறகு கையில பெலன் இல்லை.”

“குடுங்கய்யா. நான் மெக்கானிக்கல்தான் படிக்கிறேன்” என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

“கவனம். மூத்தவன் பிறந்த வருசத்துக் காசு. அவன் இப்ப இல்லை. அந்த வருசத்தில என்னட்டை இது ஒண்டுதான் இருக்கு.”

பாதியில் கைப்பிடி இறுகியது. உடைந்துவிடுமோ என்று பயந்து பின்னோக்கிச் சுற்றினேன். அப்படிச் செய்யவே கூடாது என்பது எனக்குத் தெரியாது. படகுப் படம் இரண்டாகப் பதிந்து, ஓரம் கிழிந்து, காசு வெளியே விழுந்தது.

அவர் அதை வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வருசம் அழியேல்லை. அது போதும், தம்பி.”

ஆறு வாரத்தில் அவர் இறந்துபோனார் என்று அங்கே காசு சேர்க்கும் ஒருவர் சொன்னார். இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்தில் அவருடைய காசுகளை ஒரு மேசையில் பரப்பியிருந்தார்கள். அவருடைய நண்பர் ஒருவர் அந்தக் காசைத் தொட்டுக் காட்டினார்.

“இது மட்டும் பழுதாப் போச்சு. தானே கை தவறிப் பின்னாலை சுத்திப்போட்டாராம். அண்ணையே சொன்னவர்.”

நான் தலையாட்டினேன். சுற்றியது நான் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை.