ஆர்லன் தேடும் நான்காவது கியர்

ஆர்லன் ஹாக்ஸ்டாட் காலைச் சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரித்த காகிதத்தில் மறுபடியும் எழுதத் தொடங்கிவிட்டார். பின் அச்சின் விகிதம் நாலு புள்ளி ஒன்று. அதன் கீழே, மணிக்கு அறுபத்தைந்து மைல். அதற்கும் கீழே, எஞ்சின் சுற்று இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். கடைசி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார், அதன்மேலேயே இன்னொன்று. பென்சில் முனை காகிதத்தைக் கிழிக்கும்வரை கை நிற்பதில்லை. முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது.

"பெரியவரே, நேத்தும் இதே நம்பர்தான வந்துச்சு?" என்கிறாள் காப்பி ஊற்றும் மார்னி.

"நேத்து டயர் தேய்மானத்தைச் சேக்கல."

அறுபத்தேழு வயது. ஒல்லி. உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். கடைக்கு வெளியே யார் வண்டி நின்றாலும் குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருமுறை பாதிரியாரின் காருக்கடியில் அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அன்றைக்கு வழிபாடு பத்து நிமிடம் தாமதம்.

அவருடைய டீசல் பிக்கப்புக்கு முப்பத்தைந்து வயது. மூன்று கியர்தான். மாட்டு டிரெய்லரை மலைமேல் இழுக்கும்போது அந்த மூன்றும் போதும். நெடுஞ்சாலைக்கு வந்தால் மூன்றாவதுக்கு மேல் போக இடமில்லாமல் எஞ்சின் அலறும். அதற்கு ஒரு வழி உண்டு. கியர்பெட்டிக்குப் பின்னால் ஓவர்டிரைவ் என்ற சின்னப் பெட்டி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தலாம். பொத்தானைத் தட்டினால் வேகம் குறையாது, எஞ்சின் மட்டும் தணிந்து சுற்றும். ஆனால் அதற்கு இடம் வேண்டும். பின்சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். வெட்டியதைத் திரும்ப நீட்ட முடியாது.

"பின் அச்சுல கியரை மாத்திட்டுப் போயேன்டா" என்பார் எதிரே உட்காரும் கஸ் பாவ்லிக். இருவரும் பள்ளியிலிருந்தே கூட்டாளிகள். பாவ்லிக்கின் வண்டியில் பழைய ஓவர்டிரைவ் ஒன்று இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

"மாத்தினா இழுவை போயிடும். டிரெய்லரை யாரு இழுக்கிறது? நீயா?"

"அப்ப என்னோடது மாதிரி ஒண்ணைப் போடு."

"ரிவர்ஸ் எடுக்கும்போது பொத்தானை அணைக்க மறந்தா மொத்தமும் தூள். தெரியும்ல உனக்கு?"

"இருபது வருஷமா மறக்கலையே நான்!"

"நீ மறக்கமாட்ட. மறக்கிறவனுக்குன்னு ஒரு நாள் வரும்."

மூன்று மாதமாக இதே பேச்சு. எரிபொருள் எவ்வளவு மிச்சம், போட்ட காசு எத்தனை மைலில் திரும்பும் என்று கடையில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். யாரும் வெல்டாவின் பேரை எடுப்பதில்லை.

வெல்டா அவர் மனைவி. போன இலையுதிர்காலத்தில் தொண்டையில் அறுவை நடந்தது. அதற்குப் பிறகு அவள் குரல் காகிதத்தைத் தடவுவது போல ஆகிவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு வியாழன் பில்லிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போக நூற்றிருபத்தைந்து மைல், வர நூற்றிருபத்தைந்து மைல். அந்த எஞ்சின் சத்தத்தில் அவள் சொல்லும் ஒரு சொல்லும் அவர் காதில் விழாது. மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பின்னால் வந்த தானிய லாரிகள் ஹாரன் அடித்தே அவரை ஓரங்கட்டின. அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் காட்டினாள். அதைப் படிக்கப்போய் இரண்டு தடவை சாலையின் ஓரக் கோட்டைத் தாண்டினார். அன்றோடு குறிப்பேட்டை அவள் ஜன்னல் வழியே வீசிவிட்டாள். பிறகு வண்டியில் அவள் பேசுவதே இல்லை.

என் வீட்டில் பேச ஆள் இல்லாமல் போனபின்தான் நான் காலைச் சாப்பாட்டுக்கு இந்தக் கடைக்கு வரத் தொடங்கினேன். வெல்டா சில மாலைகளில் என் சமையலறைக்கு வருவாள். அங்கே குளிர்பெட்டியின் உறுமலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அவள் சொல்வது எல்லாம் கேட்கும்.

"போட்ட காசு திரும்பக் கிடைக்க லட்சம் மைல் ஓடணுமாம். அதை என்னோட வியாழக்கிழமையால வகுத்துப் பாத்தேன். நானூறு தடவை போகணும். பதினஞ்சு வருஷம்." சத்தமில்லாமல் சிரித்தாள். "டாக்டர்கூட அவ்வளவு சொல்லல. எனக்காக அந்த ஷாஃப்ட்டை வெட்டாதேன்னு ஆர்லன்கிட்ட சொல்லிட்டேன். காதுல விழுந்துச்சோ என்னமோ."

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவ்லிக் தன் சாவியை ஆர்லன் பக்கம் எறிந்தார். "பேசிப்பேசி என் காப்பியே கசக்குது. வெல்டாவைக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வா."

என்ன நடந்தது என்று மறுநாள் வெல்டா சொன்னாள். நெடுஞ்சாலையில் அறுபத்தைந்து வந்ததும் ஆர்லன் பொத்தானைத் தட்டினார். அலறல் அடங்கியது. காற்று கண்ணாடியில் உரசுவது கேட்டது. இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் கழித்து அவள் வாயைத் திறந்தாள்.

"உன் மீசை இடது பக்கம் நீளமா இருக்கு. ரெண்டு மாசமா சொல்லணும்னு நெனச்சேன்."

"என்னது?"

"இடது பக்கம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் நிறுத்தவே இல்லை. அக்கா மகளின் விவாகரத்து, ஆஸ்பத்திரி நர்சின் பூனை, கிணற்று மோட்டார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவர் வீட்டு வளைவைத் தாண்டிப் போய்விட்டார். நிறுத்தினார், ரிவர்ஸ் போட்டார், மிதித்தார். பொத்தான் அணைக்கப்படாமலே இருந்தது. அடியில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம்.

கடை வாசலுக்குக் கட்டி இழுத்து வரப்பட்ட தன் வண்டியைப் பாவ்லிக் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மூணு மாசமா எனக்குப் பாடம் எடுத்தவன்டா நீ!"

ஆர்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் அவர் முழங்கால் ஆடாததை நான் பார்த்தேன். மறு வாரமே பாவ்லிக்குக்காக அவர் வரவழைத்த புதிய ஓவர்டிரைவ் ஒன்று மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பாவ்லிக் அதைத் தொடவில்லை.

"என் வண்டி தொழுவத்துக்கும் இந்தக் கடைக்கும்தான் ஓடுது. உன்னோடதுல மாட்டு. ரெண்டும் ஒரே அளவுதான்."

"அது உனக்குச் சேர வேண்டியது."

"எனக்குச் சேர வேண்டியதை நான் யாருக்கு வேணா குடுப்பேன்."

ஐந்து வாரம் அந்தப் பெட்டி ஆர்லனின் கொட்டகையில் ஆணி பிடுங்காமல் கிடந்தது. அவர் அதைச் சுற்றி நடந்தார். வண்டிக்கடியில் படுத்து ஷாஃப்ட்டை அளந்தார், சுண்ணக்கட்டியால் கோடு போட்டார், சட்டைக் கையால் அழித்தார். கடையில் மார்னி புதுக் காகிதம் விரித்தாலும் அதில் எழுதுவதில்லை. ஒருநாள் மட்டும், என் மேசையைக் கடந்து போகும்போது, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "அவ பேசினா எனக்குக் கை ஓடமாட்டேங்குது. மறுபடியும் ரிவர்ஸ்ல விட்டுட்டேன்னா?"

ஜனவரியின் கடைசி வியாழன். பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. கண் மருத்துவரைப் பார்க்க நானும் பில்லிங்ஸ் போய்க்கொண்டிருந்தேன். முப்பதாவது மைல் கல்லருகே ஆர்லனின் பிக்கப் சாலையோரம் நின்றது. பின்னால் புகை இல்லை. இந்தக் குளிரில் டீசல் வண்டியை யாரும் அணைக்கமாட்டார்கள். மறுபடி உயிர் வருமா என்பது நிச்சயமில்லை. பழுதாகிவிட்டது என்று நினைத்து நானும் நிறுத்தி இறங்கினேன்.

வண்டியின் பின்தட்டில், நாலு மூலையும் கயிற்றால் இறுக்கப்பட்டு, அந்த மரப்பெட்டி இருந்தது. ஷாஃப்ட் வெட்டும் கடை பில்லிங்ஸில்தான் இருக்கிறது.

ஓட்டுநர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பாதிக்கு உறைபனி பிடித்திருந்தது. உள்ளே ஆர்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இடுப்பிலிருந்து அப்படியே சாய்ந்து, காதை வெல்டாவின் உதட்டருகே கொடுத்திருந்தார். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் மறுபடி தட்டினேன். அவர் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் என் பக்கம் உயர்த்தி, பொறு என்பது போல, விரித்த உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தி வைத்தார்.